நிபா: எல்லையை மூடினால் போதுமா?

கோவை வாசகர் ஒருவர் கேட்டது, 13 செப்டம்பர் 2023

கோழிக்கோட்டில் வௌவாலிடமிருந்து வரும் நிபா வைரஸால் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். வாளையாறு, நாடுகாணி, புளியரை, களியக்காவிளை என்று கேரள எல்லைச் சாவடிகள் எல்லாவற்றையும் 21 நாள் அடைத்துவிட்டால் நமக்கு வராது. காய்ச்சலோடு வருகிறவனை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். கொரோனாவில் தாமதமாக மூடித்தானே பட்டோம்? இதற்கு யாருக்காவது மறுப்பு உண்டா?

13 செப்டம்பர், இரவு

உண்டு.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்துக்காரன். சேரம்பாடிக்கும் சோலாடிச் சாவடிக்கும் இடையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் அடைக்கச் சொல்கிற சாலைதான் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை. மாவட்டத் தலைநகர் ஊட்டி என்பது பதிவேட்டில் இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் ஊட்டிக்கு மலையேறுவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சுல்தான் பத்தேரி, மேப்பாடி, பெரிந்தல்மண்ணை, அங்கேயும் கைவிரித்தால் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி. டயாலிசிஸுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் எல்லை தாண்டுகிறவர்களின் பெயர்கள் என் கடைக் கடன் நோட்டிலேயே இருக்கின்றன. 21 நாள் அடைத்தால் நிபாவுக்கு வேலையே இருக்காது, அவர்கள் தாமாகப் போய்விடுவார்கள்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கர்நாடகம் தலப்பாடியில் காசர்கோட்டுச் சாலையை அடைத்தது. வேறு சில வழிகளில் மண்ணைக் கொட்டினார்கள். மங்களூரு ஆஸ்பத்திரிகளை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் சிலர் போய்ச் சேர முடியாமல் இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறந்தவர்களுக்குக் கொரோனா இல்லை.

இன்னொன்று. மேப்பாடியிலிருந்து ஆட்களை ஏற்றி வருகிற ஜீப் ஓட்டுநர் ஒருவர் இன்று காலை என்னிடம் பாராசிட்டமால் ஒரு பட்டை வாங்கினார். யாருக்கு என்றேன். "வரும்போது யாருக்காவது உடம்பு சுட்டால் வடுவஞ்சாலிலேயே ஒன்று கொடுத்துவிடுவேன் சேட்டா. சாவடிக்கு வருவதற்குள் ஆறிவிடும்" என்றார். சாவடியில் வெப்பமானி வந்தே முழுசாக ஒரு நாள் ஆகவில்லை.

14 செப்டம்பர், காலை

சோதனையே வேண்டாம் என்று நான் எழுதியதாக எடுத்துக்கொண்டு ஒருவர் திட்டியிருக்கிறார். எங்கே எழுதினேன்? நிற்கட்டும். அங்கே நிற்கிற பெண் ஊழியர் எங்கள் ஊர்க்காரர்தான். தூறலில் குடையும் வெப்பமானியுமாக இரண்டு கையும் நிறைந்து, பெயர் எழுத மூன்றாவது கை இல்லாமல் தவிக்கிறார். அவர் பிடிக்கும் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

நிபா உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளிவர 4 முதல் 14 நாள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அந்த நாட்களில் அவர் சாவடியைத் தாண்டிப் போகலாம், வரலாம், வெப்பமானிக்கு எதுவும் தெரியாது. நல்ல பகுதி என்னவென்றால், அந்த நாட்களில் அவர் பிறருக்குக் கொடுப்பதும் அரிது. நோய் முற்றி, இருமலும் மூச்சுத்திணறலுமாகப் படுத்திருக்கும்போதுதான் எச்சில், சளி, வாந்தி வழியாகப் பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது. அந்த நிலையில் ஒருவர் சோலாடி வழியாக மினி பஸ்ஸில் நின்றுகொண்டு வர மாட்டார். எங்கோ ஒரு வார்டில் கிடப்பார்.

ஆகவே நீங்கள் காவல் வைக்க வேண்டிய வாசல் அந்த வார்டினுடையது.

14 செப்டம்பர், மதியம்

காற்றில் பரவும், ஊரே அழியும் என்று குரல்பதிவு சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள், நான்கும் ஒரே ஆளின் குரல்.

கொன்றுபோடும் வீதத்தையும் பரவும் வேகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது உண்மை, பயங்கரமான எண். ஆனால் ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக்கூடக் கொடுப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அணைந்திருக்கிறது. சராசரியை நம்பிக் கால் நீட்டிப் படுக்கவும் முடியாது. 2018-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது, முதலில் இறந்த பேராம்பரா இளைஞர் ஒரே ஒருவரிடமிருந்துதான் கிட்டத்தட்ட மற்ற எல்லாருக்கும் போனது. பலருக்கும் அவரைத் தெரியாது. அவரை சி.டி. ஸ்கேனுக்காக நிறுத்தியிருந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்த நேரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். 23 பேர், அதில் 18 பேருக்கு ஆய்வகத்தில் உறுதியானது, 21 பேர் இறந்தார்கள்.

2001-ல் சிலிகுரியில் நடந்ததைப் பாருங்கள். 66 பேர் நோயுற்று 45 பேர் இறந்தார்கள். நான்கில் மூன்று பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். அது நிபா என்று தெரிந்ததே சில ஆண்டுகள் கழித்து, எடுத்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான்.

15 செப்டம்பர்

ஆறாவது ஆள் உறுதி. செறுவண்ணூர்க்காரர், 39 வயது. ஆகஸ்ட் 30-ல் இறந்த முதல் நோயாளி இருந்த அதே ஆஸ்பத்திரிக்கு அதே நேரத்தில் போயிருக்கிறார். 11-ஆம் தேதி இறந்தவரும் அப்படித்தான், அந்த ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டவர். ஐந்தாவது ஆள் சுகாதார ஊழியர். மீதி இரண்டு பேர் முதல் நோயாளியின் ஒன்பது வயது மகனும் மைத்துனரும்.

எல்லை கடந்து பஸ்ஸில் வாங்கியவர் இந்தப் பட்டியலில் யார்? நேற்று என்னைத் திட்டியவர் சொல்லட்டும்.

15 செப்டம்பர், இரவு

கேரளம் மறைத்துவிட்டது என்கிறார் இன்னொருவர். ஆகஸ்ட் 30-ல் இறந்தவருக்கு நிபா என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. வேறு நோய் என்றே எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அங்கே எலிக்காய்ச்சல், டெங்கு, நிமோனியா எல்லாம் வரிசையில் நிற்கும்போது நிபாவை யார் முதலில் நினைப்பார்கள்? ஒரே வீட்டில் இன்னும் இரண்டு பேர் விழுந்த பிறகுதான் சந்தேகம். 2018-லும் தம்பி இறந்த பிறகு அண்ணன் விழுந்தபோதுதான் மாதிரி மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு முறையும் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் அதே மருத்துவர், அனூப் குமார். 2018-ல் அவருக்கு அந்த மூக்கு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நடைபாதைகள் நிறைந்திருக்குமோ.

மலேசியாவில் 1998-ல் பன்றிப் பண்ணைக்காரர்கள் விழுந்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து புகைத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். புகை நன்றாகவே இருந்தது, சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற இளம் மருத்துவர் இது வேறு வைரஸ் என்று பிடித்தார். சுங்கை நிபா கிராமத்தின் பெயர்தான் வைரஸுக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்ற பிறகு அடங்கியது. 105 மனிதர்கள் இறந்திருந்தார்கள்.

சாவடி வெப்பமானியைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கொசுப்புகைதான் நினைவுக்கு வருகிறது.

16 செப்டம்பர்

பழம் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக.

கடித்த தடம், பறவை கொத்திய ஓட்டை, நகக்கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். வெட்டிவிட்டு மீதியைத் தின்னும் சாமர்த்தியம் வேண்டாம். நல்ல பழத்தைக் கழுவித் தோலுரித்துத் தின்னலாம். கூடலூர் சந்தையில் நேற்று ரம்புத்தானைச் சீந்துவாரில்லை. 2021-ல் சாத்தமங்கலத்தில் 12 வயதுப் பையன் இறந்தபோது ரம்புத்தான் பெயர் அடிபட்டது, அதிலிருந்து அந்தப் பழத்துக்குக் கெட்ட காலம். வாழைப்பழத்தையுமா ஒதுக்குவது? வியாபாரி என்னிடம் கேட்கிறார், பதில் சொல்லி மாளவில்லை.

கள், பதநீர் கேட்ட நாகர்கோவில்காரருக்கு: வங்கதேசத்தில் நிபா வருகிற முக்கியமான வழியே ஈச்ச மரத்துப் பச்சைச் சாறு. ராத்திரியில் வௌவால் வந்து சாறு வடிகிற இடத்தை நக்குவதைக் கேமரா வைத்தே படம் பிடித்தார்கள். அங்கே மூங்கில் தட்டி கட்டி மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொதிக்க வைத்துவிட்டால் வைரஸ் பிழைக்காது. நம் ஊர்ப் பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவுகிறோமே என்று வாதம் செய்யாதீர்கள். கருப்பட்டி தின்னுங்கள், அது காய்ச்சிய பண்டம்.

தேவாலாப் பக்கம் வௌவால் தொங்கும் மரத்தை வெட்ட மனு எழுதுகிறார்களாம். வேண்டாம். விரட்டி மிரட்டினால் வௌவாலிலிருந்து வைரஸ் வெளியேறுவது கூடுமே தவிரக் குறையாது, கூட்டமும் சிதறி அடுத்த தோட்டத்துக்குப் போகும். சேலம், மயிலாடுதுறைப் பக்கங்களில் வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் யாருக்கும் நிபா வந்ததில்லை, நிம்மதியாக இருங்கள்.

17 செப்டம்பர், ஞாயிறு, கடை அரை நாள்

வார்டு வாசல், வார்டு வாசல் என்கிறீர்களே, அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறார் மதுரை நண்பர். சொல்கிறேன்.

மாமனாரை ஒரு முறை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம், எல்லா இடமும் இப்படித்தான். நான் பைஸ்டாண்டர். அங்கே துணைக்கு இருக்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள், அடையாள அட்டையிலேயே அச்சடித்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலும் பிதற்றலுமாக ஒரு பெரியவர், என்ன காய்ச்சல் என்று இன்னும் தெரியாது. துணைக்கு அவர் மனைவி. பெரியவர் துப்பினால் அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் துடைப்பார், தலைப்பை வராந்தாக் குழாயில் அலசி அதே ஈரத்தோடு திரும்பவும் இடுப்பில் செருகுவார். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டுவார், பெரியவர் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்பார், வீணாகக் கூடாதென்று மீதியை அதே டம்ளரில் இவர் குடிப்பார். இரவில் கட்டிலுக்கு அடியில் பாய். அந்தப் பாயின் மறுபாதியில் எதிர்க்கட்டில்காரரின் மகள். முகக்கவசம் எல்லாருக்கும் இருந்தது, தாடையில்.

நர்ஸ் வந்தார், கையுறையோடு. அதே கையுறையோடு அடுத்த கட்டில், அடுத்த கட்டில். முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் இருந்தால் யார்தான் மாற்றுவார்கள்? வாசலில் சானிடைசர் குப்பியைத் திருடாமலிருக்கச் சங்கிலி போட்டிருந்தார்கள். குப்பி காலி. சங்கிலி உறுதியாக இருந்தது.

அந்த அம்மாள் செய்ததில் ஒன்றைக்கூடத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. நம் ஆஸ்பத்திரிகளில் பாதி வேலையை நோயாளியின் வீட்டார்தான் செய்கிறார்கள். மலம் எடுப்பது, துடைப்பது, ஊட்டுவது, மாத்திரை வாங்க ஓடுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. சம்பளம் இல்லாத அந்த ஊழியருக்குப் பயிற்சியும் கிடையாது, சோப்பும் கிடையாது. வங்கதேசத்தில் 2001 முதல் 2008 வரை நிபா கண்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நோயாளியைப் பராமரித்ததன் வழியாகவே வந்தது. நோய் அன்பு காட்டுகிற இடத்தில்தான் தொற்றுகிறது. எந்தச் சாவடியில் வைத்து இதைப் பிடிப்பீர்கள்?

17 செப்டம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர், என் வாடிக்கையாளர்தான், கோபித்துக்கொண்டார். நர்ஸைக் குறை சொல்கிறாயா என்றார். சொல்லவில்லை என்றேன். சரி, ஒன்று காட்டுகிறேன் என்று கடையிலிருந்தே ஒரு ஜோடி கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு, சொட்டு நீலம் கேட்டார். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். இப்போது நீ கழற்றுகிற மாதிரி கழற்றுகிறேன் பார் என்று விரல் நுனியைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டில் நீலம், இன்னொரு கை விரலில் நீலம், என் மேசையில் இரண்டு சொட்டு. பிறகு இன்னொரு ஜோடி. இந்த முறை உள்ளங்கைப் பக்கத்தில் வெளிப்புறத்தைக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அதை மற்ற கைக்குள் சுருட்டி, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உட்பக்கமாக நுழைத்துத் தள்ளினார். நீலம் முழுவதும் உள்ளே உருண்டையாகப் போய்விட்டது.

கவச உடையைப் போடும்போது யாருக்கும் தொற்றாது, கழற்றும்போதுதான் தொற்றும் என்றார். முழு உடை என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டுமாம். பேராம்பராவில் லினி என்ற நர்ஸ் 2018 மே 21-ல் இறந்தாரே, அவருக்கு அந்த இளைஞரைக் கவனித்த இரவில் இது நிபா என்றே தெரியாது, எந்த உடையைப் போட்டிருப்பார் என்றும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கையுறை இரண்டு ஜோடிக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

18 செப்டம்பர்

மேசையிலிருந்து நீலம் போகவில்லை. இலவச ஆலோசனை எழுதுவதில் எனக்குக் கிடைத்த வருமானம் இது.

19 செப்டம்பர்

கோவை நண்பர் திரும்பி வந்திருக்கிறார். சரி, எல்லை வேண்டாம், ஆனால் தொடர்பில் இருந்தவர்களைப் பிடித்துப் பூட்ட வேண்டுமா வேண்டாமா என்கிறார். இது நல்ல கேள்வி, முதல் கேள்வியைவிட.

தனிமைப்படுத்தல் வேண்டும். கோழிக்கோட்டில் தொடர்புப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக் கேமரா, கைப்பேசிக் கோபுரம் எல்லாம் பார்த்துப் போலீஸ் உதவியோடு தேடுகிறார்கள். நெருங்கிய தொடர்பு என்றால் 21 நாள் வீட்டில். இதில் எனக்கு மறுப்பில்லை. பூட்டுவது என்ற சொல்தான் உறுத்துகிறது. 2020-ல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அதன் பலன் என்ன? அடுத்த தெருவில் காய்ச்சல் கண்டவன் சோதனைக்கே வரவில்லை. என் கடைக்கு வந்தான். மருந்துச் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் கேட்டு வந்தவர்கள் எல்லாருமே யாருக்கோ என்றுதான் கேட்டார்கள். இந்த நாட்டில் தனக்கென்று காய்ச்சல் மாத்திரை வாங்கியவர் அந்த வருடம் ஒருவரும் இல்லை.

இங்கே தோட்டத்தில் பச்சைக்கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு 21 நாள் என்பது 21 நாள் கூலி. வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டுகிற மேஸ்திரிகளும் உண்டு. அவரிடம் போய் உனக்குக் காய்ச்சலா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்று கேட்டால் இல்லை, எங்கேயும் போகவில்லை என்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். கேரளத்தில் 2018-ல் கண்காணிப்பில் இருந்த வீடுகளுக்கு அரிசி, மளிகை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தினமும் போன் செய்து விசாரிக்க ஆள் வைத்தார்கள். அந்த அரிசிதான் பட்டியலை நீளமாக்கியது என்பது என் எண்ணம். கூலி போகாது என்று தெரிந்தால் ஆள் தானாகவே பெயர் கொடுப்பார்.

21 செப்டம்பர்

நோயாளி போன இடங்களின் வரைபடத்தை வெளியிடுவது சரியா என்று விவாதம் ஓடுகிறது. பெயர் இல்லாமல்தான் வெளியிடுகிறார்கள். ஆனால் இன்ன தேதி இன்ன மணிக்கு இன்ன ஊர்க் கடை, வங்கி, கல்யாண வீடு என்று போட்டால் அந்த ஊரில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்? வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் அந்த நடைபாதையில் நின்ற முகம் தெரியாத ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அதற்குப் பிறகு நடப்பதுதான் கேவலம். 2018-ல் பேராம்பரா ஆஸ்பத்திரி நர்ஸ்களை ஆட்டோவில் ஏற்றவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. கோழிக்கோடு மாவூர் ரோடு மின்மயானத்தில் உடலை எரிக்க ஊழியர்கள் மறுத்தார்கள், மாநகராட்சிச் சுகாதார அதிகாரி கோபகுமார் தானே முன்னின்று காரியங்களை முடித்தார். மலையாளிகளைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலோடு வந்த ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தோம். உடன் வேலை செய்த மருத்துவர் மண்வெட்டி பிடித்து இரவோடு இரவாகப் புதைக்க வேண்டியிருந்தது.

22 செப்டம்பர்

வேப்பிலை கட்டிய நம் முன்னோர் தனிமைப்படுத்தலை அன்றே அறிந்திருந்தார்கள் என்று எழுதியவருக்கு: எங்கள் வீட்டில் வேப்பிலை கட்டியபோது இளநீரோடு பார்க்க வந்தவர்களுக்குத் திண்ணையில் இடம் போதவில்லை.

24 செப்டம்பர்

திசை மாறுகிறது, மாறட்டும். இன்று கடையில் ஒரு பாட்டி. இந்தப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நிறைய, சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அவர்களில் ஒருவர். சாவடிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் எங்கள் அப்பாவுக்குச் செய்ததை இங்கே இப்போது செய்கிறார்களா என்றார்.

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் கேம்ப் அகதி முகாமாக ஆனது பின்னால். வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தும் முகாம். தோட்ட வேலைக்குக் கப்பலேறப் போகிற கூலிகளை அங்கே நாள் கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்கள். காலரா, அம்மை, பிளேக் கடல் கடந்து போகக் கூடாதென்ற பயம். நியாயமான பயம்தான். பாட்டியின் அப்பாவுக்கு அதில் நினைவிருந்தது சோறு. ஊரில் பஞ்சம், முகாமில் இரண்டு வேளை சோறு போட்டார்களாம். அதனால் யாரும் தப்பி ஓடவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

19-ஆம் தேதி நான் அரிசி பற்றி எழுதியதை இவர் படித்திருக்க வாய்ப்பில்லை. கண்சொட்டு மருந்து வாங்க வந்தவர்.

25 செப்டம்பர்

கோழிக்கோட்டில் பள்ளிகள் திறந்துவிட்டன. கட்டுப்பாட்டுப் பகுதிகளை அடைத்தது வீண் என்றுதான் முதல் வாரத்தில் எண்ணினேன், எல்லையை அடைப்பதைப் போலவே. இப்போது கொஞ்சம் வேறு மாதிரி படுகிறது. ஒரு பஞ்சாயத்தின் சில வார்டுகளை மட்டும் அடைத்தால் ஆஷா ஊழியர் வீடு வீடாகப் போய், யாருக்குக் காய்ச்சல், ஆகஸ்ட் கடைசியில் யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று கேட்க முடிகிறது. ஆள் வீட்டில் இருப்பார். 15-ஆம் தேதிக்குப் பிறகு புது நோயாளி இல்லை என்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். வார்டை அடைத்துக் கேள்வி கேட்டார்கள். எல்லையை அடைத்தால் கேட்க ஆளே இருக்காது.

30 செப்டம்பர்

அந்த ஒன்பது வயதுப் பையன் பிழைத்துவிட்டான். வென்டிலேட்டரில் கிடந்தவன். மாமனும் பிழைத்தார். மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு பேரில் நான்கு பேர் உயிரோடு என்பது 2018-ஐப் பார்த்தவர்களுக்கு நம்ப முடியாத கணக்கு. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், சீக்கிரம் பிரித்து வைத்தார்கள்.

சாவடியில் வெப்பமானிக்கு பேட்டரி தீர்ந்திருக்கிறது. என்னிடம் வாங்கினார்கள், கடன்.

28 அக்டோபர்

கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள், அதாவது 21-இன் இரண்டு மடங்கு, புதிதாக யாரும் இல்லாமல் கழிந்துவிட்டது. முடிந்தது. என்-95 முகக்கவசம் ஒரு பெட்டி என்னிடம் தேங்கிவிட்டது. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் மொத்த வியாபாரி.

22 ஜூலை 2024

இந்த இழையைத் தூசி தட்டி எழுப்பியிருக்கிறார்கள். மலப்புறம் மாவட்டம் பாண்டிக்காட்டைச் சேர்ந்த 14 வயதுப் பையன் நிபாவால் நேற்று இறந்துவிட்டான். புனேயிலிருந்து ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரத) மருந்து வந்து சேர்ந்திருக்கிறது, கொடுக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. அம்பழங்காய் என்ற புளிப்புக் காயைத் தின்றதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

கோவை நண்பர் கேட்டதற்கு: ஆம், நாடுகாணியிலும் சோலாடியிலும் மேசை போட்டுவிட்டார்கள். வெப்பமானி இருக்கிறது. இந்த முறை ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. சென்ற மூன்று வாரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், யாருக்குத் துணையாக இருந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் பொய் சொல்வார்கள். மீதிப் பாதி போதும், ஒரு போன் எண் கிடைக்கும்.

பெரிந்தல்மண்ணைக்கு அப்பாவை வியாழக்கிழமை கூட்டிப் போகலாமா என்று கேட்ட எருமாட்டுக்காரருக்கு: போங்கள், தள்ளிப் போடாதீர்கள். துணைக்கு ஒரே ஆள், முழுக்க அவரேதான், முறை மாற்ற வேண்டாம். அம்மாவை அனுப்ப வேண்டாம், அவர் மீதிக் கஞ்சியைக் குடித்துவிடுவார். டம்ளர், துண்டு, பாய் எல்லாம் தனி. ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது நடைபாதையில் நிற்காமல் பெயர் கூப்பிடும் வரை வெளியே இருங்கள். சோப்பு நீங்களே கொண்டு போங்கள். முகக்கவசம் என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது, பழைய விலைக்கே தருகிறேன், நாடா இற்றிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.